சத்தமில்லாத சின்னப் பெட்டி: வீட்டு ஊடகச் சேவையகத்துக்கு வன்பொருள் தெரிவு செய்தல்

கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டுகள் இரண்டும், வெளிநாட்டு உறவினர் காலத்துக்குக் காலம் அனுப்பிவைத்த கலியாண வீடியோக்களாலும் சாமத்தியச் சடங்கு டிவிடிகளாலும் நிறைந்திருந்தன. அவற்றுள் கனடாவிலிருந்து வந்த சில கசற்றுகள் அந்த நாட்டு என்.ரி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையில் பதிவானவை என்பதால், இங்குள்ள முறைக்கென்று செய்யப்பட்ட எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடின. சில ஓடவே இல்லை. இன்று அவை எல்லாம் கோப்புகளாகிவிட்டன. ஆனால் கோப்புகள் இரண்டு பென்டிரைவிலும் தம்பியின் பழைய மடிக்கணினியிலும் சிதறிக் கிடந்தபடியால், அம்மாவுக்குத் தன் தங்கையின் கலியாணத்தைப் பார்க்க ஆசை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் எழும்பிப் போய்த் தேடியெடுத்து ரீவியில் செருகிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊடகச் சேவையகம் என்ற பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்தது இந்தச் சிறு தொல்லையின் பேரில்தான்.

ஊடகச் சேவையகம் என்பது படம், பாட்டு, குடும்ப ஒளிப்பதிவு, நிழற்படம் ஆகிய எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ரீவியோ கைத்தொலைபேசியோ எது கேட்டாலும் அதற்கு வலையமைப்பின் வழியே அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. சேர்வர் என்றதும் வங்கியின் குளிரூட்டிய அறைக்குள் இரைந்துகொண்டு நிற்கும் ஆளுயர இரும்பு அடுக்கை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பெயர் கணினி செய்யும் வேலையைக் குறிப்பது, பருமனைக் குறிப்பதன்று. அதில் ஓடும் மென்பொருள்களில் அதிகம் பேசப்படுபவை பிளெக்ஸ், எம்பி, ஜெலிஃபின் ஆகிய மூன்றும். எம்பியின் மூல நிரல் பொதுவில் வெளியிடப்படுவது நின்றபோது அதிலிருந்து பிரிந்து 2018 இல் உருவான ஜெலிஃபின் முற்றிலும் இலவசமானது. கீழே விளக்கப்போகும் வன்பொருள் உருமாற்ற வசதிக்குப் பிளெக்ஸில் பணம் கட்ட வேண்டும், ஜெலிஃபினில் வேண்டியதில்லை. ஆகவே ஜெலிஃபினை மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். இங்கே பேச்சு பெரும்பாலும் பெட்டியைப் பற்றியதே.

மலிவு, அமைதி, குறைந்த மின்கட்டணம் என்று மூன்று தேவைகளைத் தனித்தனியாக எண்ணிக்கொண்டு கடைக்குப் போகிறவர் குழம்பிப் போவார். உண்மையில் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் கணினி குறைவாகவே சுடும். குறைவாகச் சுடும் கணினிக்கு வேகமாகச் சுழலும் மின்விசிறி தேவையில்லை. மின்விசிறி வேகமாகச் சுழலாவிட்டால் சத்தமும் இல்லை. அத்தகைய கணினிகள் அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டவையாக ஏராளமாக வருவதால் விலையும் இறங்கிவிடுகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவ்வளவு குறைந்த வலுவுள்ள பெட்டி என் வீட்டு வேலைக்குப் போதுமா? அதற்கு விடை காண, ட்ரான்ஸ்கோடிங் எனப்படும் உருமாற்றம் என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களிற் பெரும்பாலானோர் தவறான பெட்டியை வாங்குவது இந்த இடத்தை விளங்காமல்தான்.

பாரிஸில் பிறந்த பேரன் விடுமுறைக்கு வந்து அம்மம்மாவின் முன்னால் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இருவரும் தாமே கதைப்பார்கள். வீட்டில் மற்றவர்கள் தத்தம் வேலையைப் பார்க்கலாம். அவனுக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும் என்றால், சித்தி நடுவில் இருந்து ஒவ்வொரு வசனத்தையும் அந்தந்தக் கணத்திலேயே மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு முடியும்வரை அவரால் குசினிப் பக்கம் போக முடியாது. காணொளிக் கோப்பும் அப்படித்தான். ஒவ்வொரு கோப்பும் ஏதோ ஒரு கோடெக்கில், அதாவது ஒரு சுருக்க முறையில், எழுதப்பட்டிருக்கிறது: டிவிடியில் இருப்பது எம்பெக்-2, 2003 இல் வந்த எச்.264 இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிக்கும் தெரிந்த பொதுமொழி; 2013 இல் வந்த எச்.265, அதாவது ஹெவிசி, அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தருவது. 2018 இல் வெளியான ஏவி1 அதனினும் புதியது. ரீவிக்கு அந்தக் கோடெக் தெரிந்திருந்தால் சேவையகம் கோப்பை உள்ளபடியே அனுப்பிவிடும். இது நேரடி இயக்கம். இதற்கு வேண்டிய வலு மிகமிகக் குறைவு. பத்தாண்டு பழைய கணினியும் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்துவிடும். ரீவிக்குத் தெரியாவிட்டால் சேவையகம் சித்தியின் இடத்தில் இருந்து, கோப்பை அவிழ்த்து, தெரிந்த கோடெக்கில் மறுபடி எழுதி, படம் ஓடும் வேகத்துக்குக் குறையாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் புரொசசர் சுடும், மின்விசிறி இரையும்.

உருமாற்றம் எப்போதெல்லாம் தேவைப்படும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். பழைய ரீவிகள் பலவற்றுக்கு ஹெவிசி தெரியாது. கலியாண டிவிடிகளில் உள்ள எம்பெக்-2 படத்தைக் கைத்தொலைபேசியின் உலாவிகள் ஏற்பதில்லை. போதாக்குறைக்கு அது ஒற்றை வரி இரட்டை வரி என்று மாறிமாறிப் பதிவான படம் என்பதால், ஆட்கள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியாதபடி அவற்றை இணைக்கவும் வேண்டும். அடுத்தது வசன வரிகள். தமிழ் வசனவரிக் கோப்பைச் சில ரீவிகள் வாசிக்கும்போது கொம்பும் புள்ளியும் எழுத்தை விட்டு விலகித் தனியே நிற்கும். அதைச் சரிசெய்ய வரிகளைப் படத்தின் மேலேயே பொறித்து அனுப்பச் சொன்னால், அந்தக் கணத்திலிருந்து முழுப் படமும் உருமாற்றத்துக்குள் போய்விடும். ஒலியை மட்டும் மாற்றுவது இலேசான வேலை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கடைசியாக, ரொறன்ரோவில் இருக்கும் மாமா இங்கிருந்தே பார்க்க வேண்டும் என்றால், நமது இணைப்பின் மேலேற்ற வேகத்துக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும், அதுவும் உருமாற்றமே.

இவ்விடத்தில் ஒரு சிக்கன வழி உண்டு. உருமாற்றத்தை ஒவ்வொரு முறையும் நேரலையாகச் செய்ய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டிவிடிக் கோப்புகளை வரிசையாகப் போட்டு, இரவோடிரவாக எச்.264 ஆக மாற்றி வைத்துவிட்டால், அதன் பிறகு அவை எந்த ரீவியிலும் நேரடியாகவே ஓடும். எங்கள் வீட்டு வீடியோக்களை இப்படி மாற்றி முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. மூலக் கோப்புகளை அழிக்காமல் வேறொரு வன்தட்டில் வைத்துக்கொண்டேன். குடும்ப வீடியோக்கள் மட்டுமே வைத்திருக்கும் வீட்டுக்கு, இதைச் செய்த பின் ஏறக்குறைய எந்தக் கணினியும் போதும்.

இருந்தாலும் நேரலை உருமாற்றம் எப்போதாவது தேவைப்படத்தான் செய்யும். அதற்கு வலுவான புரொசசர் வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. 2011 முதல் இன்ரெல் தன் புரொசசர்களுக்குள் குவிக் சிங்க் என்ற ஒரு தனிப் பகுதியை வைத்து வருகிறது. காணொளியை அவிழ்ப்பதும் எழுதுவதும் மட்டுமே அதன் தொழில். முழுப் புரொசசரும் மூச்சுவாங்கிச் செய்கிற வேலையை அந்த மூலை சில வாட் மின்சாரத்தில் செய்து முடித்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது புரொசசரின் வேகத்தைவிட அந்த மூலையின் வயதையே. ஆறாம் தலைமுறை இன்ரெல் ஹெவிசியை ஓரளவுக்கே கையாளும். 10 பிற் ஹெவிசியை, அதாவது 4கே எனப்படும் இன்றைய மிகத் தெளிவான கோப்புகளிற் பெரும்பாலானவற்றின் வடிவத்தை, முழுமையாகக் கையாளத் தொடங்கியது ஏழாம் தலைமுறை. எனவே பாவித்த கணினி வாங்குபவருக்கு என் எல்லைக்கோடு ஏழாம் தலைமுறை.

தலைமுறையைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை; பெயரிலேயே எழுதியிருக்கிறது. ஐ5-7500ரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பின்வரும் 7 தான் தலைமுறை. ஐ5-8500ரி என்றால் எட்டாவது, ஐ3-10100ரி என்றால் பத்தாவது. முன்னால் உள்ள ஐ3, ஐ5, ஐ7 என்பன நமது வேலைக்குப் பெரிய வித்தியாசம் தருவதில்லை. ஏழாம் தலைமுறை ஐ3 ஒன்று நான்காம் தலைமுறை ஐ7 ஐவிட இங்கே நன்றாக உழைக்கும். கடைசி எழுத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ரி என்றால் 35 வாட்டுக்குள் அடங்கும்படி செய்யப்பட்டது. சிறு பெட்டிகளில் வருவது அதுவே, நமக்கு வேண்டியதும் அதுவே. எஃப் என்றால் அதற்குள் வரைகலைப் பகுதி செயற்படாது, அதோடு சேர்ந்து குவிக் சிங்க்கும் இல்லை. நல்ல விலையென்று சொல்லி எனக்கு ஒருமுறை காட்டப்பட்ட கோபுரக் கணினியின் உறையில் 10400எஃப் என்றிருந்தது. விளையாட்டுக்கு அது நல்ல பொருள்தான், இந்த வேலைக்கு அந்த ஓர் எழுத்தே போதும், வேண்டாம் என்று சொல்வதற்கு.

இனி மின்சாரக் கணக்கு. சேவையகம் இரவும் பகலும் ஓடுவது. ஒரு மாதத்தில் 720 மணித்தியாலங்கள் என்பதால், பெட்டி இழுக்கும் வாட் அளவை 0.72 ஆற் பெருக்கினால் மாத அலகுகள் வந்துவிடும்: 10 வாட் என்றால் 7.2 அலகு, 70 வாட் என்றால் 50.4 அலகு. நான் முதலில் செய்த பிழை இதுதான். சும்மா கிடந்த பழைய கோபுரக் கணினி ஒன்றைச் சேவையகமாக்கி, காசு செலவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். செருகியில் மாட்டும் வாட்மானியால் அளந்து பார்த்தபோது, யாரும் படம் பார்க்காத நேரத்திலேயே அது 70 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது: 60, 90, 120, 180 என்று அலகுகள் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். ஆகவே அந்த 50 அலகும் நமது பட்டியலின் அடியில் வந்து சேராமல், உச்சியில், விலை கூடிய படியில் போய் உட்காரும். இரண்டு மாதப் பட்டியலைப் பார்த்த பிறகு, இலவசக் கணினி என்று ஒன்றில்லை என்பது எனக்கு விளங்கியது.

அதே கணினியைப் பற்றி அம்மா சொன்னது வேறு. "தம்பி, உந்தப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டு, தலைக்குள்ள வண்டு பூந்தமாதிரிக் கிடக்கு" என்றார். அது மார்கழி மாதம். சத்தத்தைப் பற்றி மேலைநாட்டார் எழுதும் அறிவுரைகளில் இல்லாத ஒரு விடயம் இங்கே இருக்கிறது. சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்து வீட்டில் தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அதன் இரைச்சலில் எந்தக் கணினியும் ஊமைதான். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்துக்கொண்டு படுக்கும் மார்கழியிலும், மின் போய் ஊரே அடங்கிய பிறகு யூபிஎஸ்ஸில் அது தனியே ஓடும் இரவிலுந்தான் பெட்டியின் உண்மையான குரல் கேட்கும். ஆகவே கடையின் சந்தடியில் நின்று 'சத்தமே இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள்.

சத்தத்துக்கு மூன்று பிறப்பிடங்கள் உண்டு. முதலாவது மின்விசிறி. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று தள்ளும் அதே காற்றைச் சிறிய விசிறி தள்ள வேண்டுமானால் பலமடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அதனால்தான் நிறுவனங்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாக வரும் தட்டையான சேர்வர்கள் கீச்சுக் குரலில் அலறுகின்றன. விலையைப் பார்த்து அவற்றை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஒலியை அளக்கும் டெசிபெல் அளவுகோல் கூட்டற் கணக்கில் ஏறுவதில்லை. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கும். ஓர் அமைதியான படுக்கையறை இரவில் 30 டெசிபெல்லைச் சுற்றியே இருக்கும் என்பதால், 40 டெசிபெல் பெட்டி அங்கே நன்றாகவே தெரியும். இரண்டாவது வன்தட்டு. மேசைக் கணினிக்குரிய 3.5 அங்குல வன்தட்டு சுழலும் முரல் ஒருபுறம், அதன் ஊசி இடம் மாறும்போது எழும் கறகற என்ற ஒலி மறுபுறம். மூன்றாவது, பலரும் கவனிக்காத அதிர்வு. என் வன்தட்டை முதலில் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். வன்தட்டின் சத்தத்தைவிட, அதன் நடுக்கத்தில் உள்ளேயிருந்த கோப்பையும் பீரிசும் கிலுகிலுத்த சத்தமே பெரிதாக இருந்தது. பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலத்தில் வெட்டி, நான்காய் மடித்து, நான்கு மூலைக்கும் கீழே வைத்ததும் அது அடங்கிவிட்டது. ஒரு சதமும் செலவில்லாத அமைதி அது.

விசிறியே இல்லாத பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றின் உலோக உடலே வெப்பத்தை வெளியேற்றும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை தேவை. அந்த உடல் வெப்பத்தைக் கொடுப்பது சுற்றியுள்ள காற்றுக்கு. நமது பங்குனி சித்திரை மாதத்து அறைக்காற்றே 32, 33 பாகை செல்சியஸில் நிற்கும்போது அது கொடுக்கக்கூடிய வெப்பம் குறைந்துவிடும், புரொசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திறந்த இடத்தில் வைத்தால் அதுவும் பாதகமில்லை. மூடிய அலுமாரிக்குள்ளோ, தகரமோ கொங்கிறீற் பிளேட்டோ போட்ட கூரைக்குக் கீழான மேல் தட்டிலோ வைத்தால் பாதகந்தான். என்னைக் கேட்டால், மெதுவாகச் சுழலும் ஒரு விசிறியுள்ள பெட்டியே இந்த ஊர்க் காலநிலைக்கு ஏற்றது.

அப்படியானால் எதை வாங்குவது? என் முதல் தெரிவு, அலுவலகங்களில் திரையின் பின்புறத்தில் பொருத்தி வைக்கும் சின்னப் பெட்டிகள்: லெனோவோவின் திங்க்சென்ரர் ரைனி, டெல்லின் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பியின் எலைட்டெஸ்க் மினி ஆகியவை. ஒரு தடித்த புத்தகத்தின் அளவுதான் இருக்கும். வின்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்ததும், வின்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழானவற்றை ஏற்காததும் சேர்ந்து, ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை அலுவலகங்களுக்கு வேண்டாத பொருளாக்கிவிட்டன. சேவையகத்தில் வின்டோஸுக்குப் பதிலாக டெபியன் போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் ஒன்றையே நிறுவப்போகும் நமக்கு அது நட்டமில்லை, இலாபமே. என்னிடம் இப்போது இருப்பது ஐ5-7500ரி உள்ள ஒன்று. சும்மா இருக்கும்போது 12 வாட், அதாவது மாதம் ஒன்பது அலகுக்கும் குறைவு. 8 ஜிகாபைட் நினைவகம் தாராளம்.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவருக்கு, 2023 இல் வந்த இன்ரெல் என்100 உள்ள சின்னப் பெட்டிகள் நல்லவை. 6 வாட் புரொசசர் அது. ஏவி1 கோப்பையும் அவிழ்க்கும். ரூபாய் 2022 இல் சரிந்த பின்னர் புதிய இறக்குமதிப் பொருள் எல்லாமே கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டபடியால், இதற்கும் பாவித்த பெட்டிக்குமான விலை வித்தியாசத்தை வாங்கும் அன்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பை பலருக்கும் ஆசை காட்டும். கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் 2023 இல் வந்த ராஸ்பெரி பை 5 இல் காணொளியை எழுதும் வன்பொருளே கிடையாது என்பதால் உருமாற்றம் அதற்குப் பெருஞ்சுமை. பெட்டி, மின்வழங்கி, தட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மலிவும் காணாமற் போய்விடும். வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி, ஏழாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்தால், எல்லாவற்றையும்விட மலிவு. அதன் மின்கலமே ஒரு யூபிஎஸ். திரையோ விசைப்பலகையோ உடைந்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை. மின்கலம் மட்டும் ஆண்டுக்கணக்கில் மின்னேற்றத்திலேயே கிடந்தால் வீங்கக்கூடும், ஆகவே மாதத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் தட்டையாகத்தான் இருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும். சற்று ஆடினாலும் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். ரீவியுடன் இணைக்கும் ஆண்ட்ராய்ட் பெட்டி படத்தைப் பெறுவதற்கு உரியது, வழங்குவதற்கு உரியதன்று.

சேமிப்பகத்தில் அளவைக் கணக்கிட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. விநாடிக்கு 8 மெகாபிட் ஓடும் ஒரு தெளிவான 1080பி கோப்பு மணிக்கு 3.6 ஜிகாபைட் பிடிக்கும். ஒரு டெராபைட்டில் ஏறத்தாழ 277 மணித்தியாலம் அடங்கும். மூன்று மணித்தியாலக் கலியாணங்கள் தொண்ணூறுக்கு மேல்! எந்த வீட்டிலும் அவ்வளவு கலியாணம் இல்லை. ஆகவே பெரிய தட்டுக்கு அவசரப்படாதீர்கள். இயங்கு தளத்துக்கு 128 அல்லது 256 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று உள்ளே இருக்கட்டும். அதற்குச் சுழலும் பாகமே இல்லை. படங்களுக்கு 2.5 அங்குல வெளி வன்தட்டு போதும். யூஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், 3.5 அங்குலத் தட்டு 5 வாட்டுக்குக் குறையாமல் கேட்கும் இடத்தில் இது ஒன்றிரண்டு வாட்டோடு நிறைவடையும். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். இவை எழுதுவதில் மந்தம் என்று குறை சொல்வார்கள். ஒருமுறை எழுதி நூறுமுறை வாசிக்கப்போகும் நமக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது. ஆனால் எந்தத் தட்டும் ஒருநாள் போகும். கலியாண வீடியோவுக்கு மறுபதிப்பு இல்லை என்பதால் அதே அளவில் இன்னொரு தட்டை வாங்கி, பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள். எங்களுடையது கொக்குவிலில் பெரியம்மா வீட்டில் இருக்கிறது.

பெட்டியை ரூட்டருடன் வலையமைப்புக் கம்பியாலேயே இணைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பழைய வீடுகளின் தடித்த சுவர் வைஃபை அலையை விழுங்கிவிடும். படம் நின்று நின்று ஓடினால் பலர் பெட்டியைத் திட்டுவார்கள், குற்றம் சுவருடையது.

பாவித்த பெட்டியை வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்; பெரும்பாலும் ஒரு திருகாணிதான், இதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. நான் வாங்கியதன் விசிறியின் இதழ்களுக்கிடையே செம்மண் தூசி கம்பளித் துணிபோல அடைந்திருந்தது. வெப்பம் கடத்தும் தகட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டைக் கோதுகள். மெல்லிய தூரிகையால் துடைத்து, காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த வெப்பப் பசையை வழித்துப் புதிதாக ஒரு பயற்றங்காய் விதையளவு வைத்து மூடியதும், விசிறியின் சத்தம் பாதியாகக் குறைந்தது. விசிறியை விரலால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது, கரகரத்தால் தேய்ந்துவிட்டது. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் கடவுச்சொல் இல்லாமல் போக முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள், முன்னைய அலுவலகத்தின் பூட்டோடு வரும் பெட்டிகள் உண்டு; எனக்கு ஒன்று அப்படி வாய்த்து, திருப்பிக் கொடுக்க மூன்று தரம் அலைந்தேன். மின்வழங்கி அந்தப் பெட்டிக்குரியதுதானா என்பதும் முக்கியம்: டெல், எச்பி பெட்டிகளுக்கு 19.5 வோல்ட், லெனோவோவுக்கு 20 வோல்ட், என்100 பெட்டிகளிற் பல 12 வோல்ட்.

இந்தக் கடைசி எண்ணில் ஒரு வசதி மறைந்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தில் ரூட்டருக்கென்று பலரும் வாங்கிய சின்ன யூபிஎஸ்கள் 12 வோல்ட் கொடுப்பவை. பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள அம்பியர் அளவை அந்த யூபிஎஸ் தாங்குமானால், ரூட்டரைப் போலவே பெட்டியையும் அதில் ஓட்டலாம். தாங்காவிட்டால் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு, டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த ஊருக்கு, மின்சாரத்தை அளந்து பாவிப்பதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஐப்பசி இடிமழைக் காலத்தில் மட்டும் மின் செருகியையும் வலையமைப்புக் கம்பியையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். இடி கம்பி வழியாகவும் வரும்.

மின் போய்த் திரும்பும்போது பெட்டி தானாக எழும்ப வேண்டும். பயோஸில், மின் இழப்புக்குப் பின் என்ன செய்வது என்ற அமைப்பைத் தேடி, மீண்டும் இயங்கு என்று மாற்றிவிட்டால் போதும். இரண்டு நிமிடத்தில் ஜெலிஃபின் பழையபடி ரீவியில் தெரியும். எங்கள் பெட்டி இப்போது விறாந்தையில் ரூட்டருக்குக் கீழே, சைக்கிள் ரியூப் துண்டுகளின் மேல் இருக்கிறது. அம்மாவுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. அவரைப் பொறுத்தவரை தங்கையின் கலியாணம் ரீவிக்குள் இருக்கிறது.